கருஞ்சிறுத்தை வந்த மத்தியானம்

வனவிலங்கு ஆய்வு அலுவலகத்தில் அவருக்குக் கொக்கு என்று பெயர். அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து யாரோ வைத்தது. காதுபடவே கூப்பிடுவார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! வயது ஐம்பத்து நாலு. முழங்கால் இரண்டும் மக்கர். அரிய விலங்குகளைப் படம் பிடிப்பவர் என்று தெரிந்தால் ஜனங்கள் கண்ணை அகல விரிக்கிறார்கள். அந்த வேலையில் முக்கால்வாசி, வராத விலங்குக்காக வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருப்பதுதான் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்?

கடந்த ஏழு வருடமாக வராதது ஒரு கருஞ்சிறுத்தை. மலைக்கு அப்பால் இருக்கும் அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு என்பதற்கு எச்சமும் நகக்கீறலும் சாட்சி. அது கருப்பு என்பதற்கு ஒரு விறகுவெட்டியின் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. அதை நம்பி முகாம் போடவைத்தவர் கொக்குதான். வீட்டுக்கு ஃபோன் செய்தால் மனைவி முதலில் கேட்பது, "என் சக்களத்தி வந்தாளா?" என்றுதான். முதல் இரண்டு வருடம் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

அலுவலகத்தின் இயக்குநர் கடைசியாகக் கெடு வைத்துவிட்டார். மாத முடிவுக்குள் ஒரு படம் வேண்டும், இல்லையென்றால் முகாமை மூடிவிடுவார்கள். மூடினால் கொக்குக்குப் பழைய படங்களுக்கு எண் போடுகிற நாற்காலியாவது கிடைக்கும். ஏழு வருடமாக அவரோடு காடு சுற்றும் வழிகாட்டிக்கு அதுவும் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். அன்றைக்கு மாதத்தின் கடைசி நாள்.

ஓடைக்கு எதிரே இலை போர்த்திய துணி மறைவு. அதற்குள் இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மறைவுக்குள் கொக்கு வகுத்த சட்டங்கள் உண்டு. பேசக்கூடாது. செல்போன் முகாமிலேயே இருக்க வேண்டும். கேமராவில் அவரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அவரைத் தொடக்கூடாது. ஒருமுறை வழிகாட்டி தோளைத் தட்டப்போய், இவர் திடுக்கிட்டுக் கேமராக் காலை எட்டி உதைத்து, நாலு நாள் காத்திருந்து வந்த கழுதைப்புலி ஓடியே போய்விட்டது. அதிலிருந்து, ஏதாவது தென்பட்டால் வழிகாட்டி ஒரு விரலைத் தூக்குவான். அவ்வளவுதான்.

பத்து நாளாகச் சரியான தூக்கமில்லை. மத்தியான வெயிலில் மறைவு புழுங்கியது. ஓடை ஒரே சுதியில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை ஒரு நொடி மூடித் திறப்போம் என்றுதான் கொக்கு நினைத்தார்.

விழித்தபோது நிழல் இடம் மாறியிருந்தது. வழிகாட்டியின் முகத்தைப் பார்த்ததுமே, பேசக்கூடாது என்ற தன் சட்டத்தை மறந்து கேட்டார்.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"கருப்பா?"

"அட்டக் கருப்பு."

கொக்கு முழங்காலை மறந்து ஓடினார். ஓடையை ஒட்டிய பாறையில் ஈரக் காலடிகள் நாலைந்து இருந்தன. பழக்கதோஷத்தில் கேமராவைத் தூக்கினார், உடனே இறக்கினார். ஈரத்தடத்தில் நிறமா தெரியும்? அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடங்கள் ஓரத்திலிருந்து காய்ந்து சுருங்கின. பாறையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்யா எழுப்பலை?"

"விரலைத் தூக்கினேன்."

"தூங்கறவனுக்கு விரல் தெரியுமாய்யா?"

"தெரியாதுதான். இருந்தாலும் அது போற வரைக்கும் தூக்கிட்டேதாண்ணே இருந்தேன்."

கொக்குக்குச் சிரிப்பதா அறைவதா என்று புரியவில்லை. "நீயாவது பட்டனை அமுக்கித் தொலைச்சிருக்கக்கூடாதா?"

"கை வெச்சா வெட்டிடுவேன்னு சொன்னது யாரு?"

முகாம் போனது, ஏழு வருடம் போனது. இயக்குநரிடம் என்ன சொல்வது? வந்தது, நான் தூங்கிவிட்டேன் என்றா? யோசிக்க யோசிக்க, உள்ளே ஒரு மூலையில் அப்பாடா என்றிருந்தது. இனி இந்த மலை ஏற வேண்டாம். அந்த நிம்மதி அவருக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அப்போதுதான் எதிரில் நிற்பவனின் நினைப்பு வந்தது.

"உன் வேலையும் போச்சேய்யா. தெரியுமா?"

"தெரியாமலா?" வழிகாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "சட்டம் கிட்டம் எல்லாம் சும்மாண்ணே. காலைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கியிருந்தா எந்திரிச்சிருப்பீங்க. கையை நீட்டவும் செஞ்சேன். வாயைத் திறந்துட்டுக் கைப்பிள்ளை கணக்கா தூங்கறீங்க. ஏழு வருஷத்துல ஒரு நாள் அப்படிப் பார்த்ததில்லை. மனசு வரலை."

கொக்குக்கு அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவன் தோளில் சாய்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் பாறையைத் தடவிக்கொண்டிருந்தார். ஈரம் சுத்தமாகக் காய்ந்துவிட்டிருந்தது.

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். தண்ணியைக் குடிச்சிட்டு உடனே கிளம்பப் பார்த்துச்சு. அப்பதான் நீங்க குறட்டை விட்டீங்க."

"குறட்டையா?" கொக்கு தலையில் கை வைத்துக்கொண்டார். "அதான் ஓடிருச்சா?"

"ஓடும்னுதான் நானும் நினைச்சேன். ஓடலைண்ணே. காதை நிமிர்த்திக்கிட்டு, நீங்க மூச்சு விடறதையே கேட்டுட்டு நின்னுச்சு. அது பாட்டுக்குப் போயிருக்கும். உங்களுக்காகத்தான் நின்னுச்சு."