இல்லாத செலவில் மிச்சம்

கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் இருக்கிறோம். சோலார் வாட்டர் ஹீட்டர் விற்க வந்தவர், "கரண்டு பில்லு பாதியாக் கொறையும்ங்க" என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதை நம்பி, தோட்டத்துச் சுள்ளியில் எரிந்துகொண்டிருந்த பாய்லரைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு மாடியில் சோலாரை ஏற்றினேன்.

மழைக்காலம் வந்தது. வாரக்கணக்கில் மேகம் விலகவில்லை. தண்ணீர் சுடாததால், சோலார் டேங்கிலேயே இருந்த கரண்டு காயிலைப் போட்டோம். பில் எகிறியது.

விற்றவரிடம் போனில் கத்தினேன். "கெய்சர் வச்சிருந்த வீட்டுக்கெல்லாம் கொறையுதுங்களே" என்றார்.

பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்: "நாம என்னைக்குங்க கரண்டுல தண்ணி காய வச்சோம், அது கொறையிறதுக்கு?"

இப்போது மூன்று கல் கூட்டி, அண்டாவில் தண்ணீர் காய்ச்சுகிறோம். மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும், "எந்தச் செலவுல?" என்று வாசலிலேயே கேட்டுவிடுகிறேன்.