டொக்டருக்குச் சொல்லாத பயணம்

முதலில் போனது இடது கால். குளியலறையில், உடம்பெல்லாம் சவர்க்காரத்தோடு நின்றபோது போனது.

சித்திரை வெயில். கந்தோரில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்திருந்தேன். வியர்வை போகட்டும் என்று குழாயைத் திறந்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர்த்தாங்கி கூரைக்கு மேலே நாள் முழுக்க வெயில் குடிக்கும் கறுப்புத் தாங்கி. அந்த நேரத்தில் அதிலிருந்து வரும் தண்ணீரில் தேயிலை போட்டால் சாயம் இறங்கும். அதைத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்றேன். இடது கால் மெல்ல மெல்ல வேறு யாருடையதோ கால்போல ஆனது. அதைப் பார்த்து வலது காலும் பழகிக்கொண்டது. கதவைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன்.

தோட்டத்திலிருந்து வந்த என் கணவர்தான் தூக்கினார். விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் படுத்திருந்ததும் கால் திரும்பி வந்தது. வெயில் பிடித்துவிட்டது என்று மாமி, அதாவது என் கணவரின் தாயார், தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

இந்தச் சுடுதண்ணீரைத் தயவுசெய்து நினைவில் வைத்திருங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். அதனால் வந்த கூத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

வைகாசி முடிவதற்குள் கால் போவதும் வருவதும் போய், பலவீனம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கந்தோரில் மேசை மேசையாகப் பிடித்து நடந்தேன். பெரியாஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்பின் உள்ளே படம் எடுக்கும் முறை) எடுத்தார்கள். முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். நரம்பியல் நிபுணர் ஓர் இளம் பெண். நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் (நரம்புகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய்). எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வயரின்ரை மேல்தோலை எலி கடிச்சா கரண்ட் ஒழுங்காய்ப் போகாதுதானே, அதுதான்" என்று விளங்கப்படுத்தினார்.

இப்போதைக்கு ஸ்டீரொயிட் (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஏற்றுவோம். அடுத்த தாக்குதல் வராமல் தடுக்க வேறு ஓர் ஊசிமருந்து இருக்கிறது, அதைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். வெக்கையைத் தவிர்க்க வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு வெக்கையைத் தவிர்ப்பதா என்று என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டீரொயிட் ஏற்றியதும் கால் ஓரளவு தேறியது. ஒரு பொல்லோடு நடக்கலாம் என்ற நிலை வந்தது. அப்போதுதான் ஜேர்மனியிலிருந்து தம்பி குறுக்கே வந்தான்.

தம்பி பத்தொன்பது வயதில் போனவன். அங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. எனக்கு நோய் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவன் தினமும் போன் எடுத்தான். ஒரு நாள் வீடியோ ஒன்றை அனுப்பினான். காட்டோரம் ஒரு பழைய ஊர். நிலத்துக்கு அடியிலிருந்து மருந்துத் தண்ணீர் வருகிறதாம். பெரிய பெரிய தொட்டிகளில் வெள்ளைக்கார வயோதிபர்கள் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது. ஊரின் பெயரை அவன் பலமுறை சொல்லித்தந்தான். இன்றுவரை என் நாக்கில் அது நிற்கவில்லை.

"அக்கா, மூண்டு கிழமை இருந்தாக் காணும். நடக்க ஏலாமல் வந்ததுகள் எல்லாம் நடந்து போகுதுகள். அங்கை அந்த ஊசியைத் தொடங்கிப்போடாதேங்கோ. இஞ்சத்தை டொக்டர்மார் பாத்துச் சொல்லட்டும்."

"டொக்டர் பிந்தக்கூடாது எண்டு சொன்னவா."

"உங்களுக்கு வெக்கை கூடாது எண்டும் சொன்னவாதானே? இது குளிர் நாடு அக்கா. உங்களுக்கெண்டே செய்து வைச்ச மாதிரி."

அவன் சொன்னதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். படித்தவள் என்று பெயர் எடுத்த நானும் ஆட்டினேன். குளிர் நாட்டில் தண்ணீர் சுடும் என்பது வீடியோவில் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மருந்துத் தண்ணீர் என்று ஒருவன் சொன்னதும் அது சுடுதண்ணீர் என்பது எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இனி ரகசியம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணத்தை விமானம் ஏறும்வரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாவூறு பட்டுப் பயணம் குழம்பிவிடும். இந்தச் சட்டத்துக்கு எங்கள் வீட்டில் காவல் அதிகாரி மாமி.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. ஒரு குஞ்சுக்கும் மூச்சு விடாதை பிள்ளை."

"டொக்டருக்குமோ மாமி?"

"டொக்டருக்கு மட்டும் வாய் இல்லையே?"

வீசா விண்ணப்பத்துக்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. கந்தோரில் கலியாணவீடு என்றேன். யாருடைய கலியாணம் என்று கேட்டார்கள். இல்லாத ஒரு மச்சாளுக்குக் கலியாணம் செய்துவைத்தேன். காகிதம் குறைகிறது என்று இரண்டாம் தடவை கூப்பிட்டபோது அந்த மச்சாளுக்கே பிள்ளைப்பேறு பார்க்கப் போக வேண்டியதாயிற்று. பொல்லை ஊன்றிக்கொண்டு இரவு பஸ்ஸில் போய், கைவிரல் அடையாளம் கொடுத்து, மறுபடி பஸ்ஸில் வந்து விழுவேன். ஸ்டீரொயிட்டால் தேறிய கால் அந்தப் பயணங்களோடு கிழமைக்கணக்கில் பின்னால் போகும். நோயைக் குணமாக்கப் போவதற்கான ஆயத்தமே நோயாளியைக் கொன்றுவிடும் போலிருந்தது.

சுன்னாகத்தில் குளிருக்குக் கோட் வாங்கப் போனோம். கோட் வாங்க வருபவர்களிடம் அந்தக் கடையில் அளவு கேட்பதில்லை. "எந்த நாடு?" என்றுதான் கேட்டார்கள். என் கணவர் அவசரமாக எங்கள் நாட்டு மலையூர் ஒன்றைப் பிடித்து, "நுவரெலியா" என்றார். கடைக்காரர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, ஜேர்மனிக்கு இது காணாது, உள்ளே கம்பளி வைத்தது வேண்டும் என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று வீடு வரும்வரை புறுபுறுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த பிரச்சினை குளிக்கும் உடுப்பு. தொட்டியில் இறங்க அதற்கென்று ஓர் உடுப்பு வேண்டும் என்று தம்பி சொன்னான். போனுக்குப் பக்கத்தில் மாமி இருந்தார்.

"ஆம்பிளையளும் பொம்பிளையளும் ஒரே தொட்டிக்கையோ தம்பி?"

"ஓம் மாமி. அங்கை ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கமாட்டினம்."

"பாக்காமலே நீ வீடியோ எடுத்து அனுப்பினனீ?"

இந்த அலைச்சல்களுக்கு நடுவே கிளினிக் நாட்கள் வந்து வந்து போயின. ஒவ்வொரு முறையும் டொக்டர் ஊசியைப் பற்றிக் கேட்டார். ஒவ்வொரு முறையும் யோசித்துச் சொல்கிறோம் என்றோம். கோட் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கந்தோரில் தேநீர் கொண்டுவருபவருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, போகும்போது ஜேர்மனியில் இருக்கும் தன் மகளுக்குப் பருத்தித்துறை வடை கொண்டுபோக முடியுமா என்று ஜாடையாகக் கேட்டுவிட்டார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பயணம் அது. தெரியாதவர் டொக்டர் ஒருவர்தான்.

ஒரு காலையில் கண்ணாடிக்கு முன்னால் பொட்டு வைத்தேன். குங்குமம் பழையதாகி நிறம் போய்விட்டது என்று நினைத்தேன். புதிய குங்குமச் சரை ஒன்றைப் பிரித்தேன். அதுவும் நிறம் போனதாக இருந்தது. தற்செயலாக இடது கண்ணைக் கசக்கியபோது, வலது கண்ணுக்குக் குங்குமம் இரத்தச் சிவப்பாகத் தெரிந்தது. வலது கண்ணை மூடினால் சாம்பல் தண்ணீரில் கழுவியதுபோல இருந்தது. கண்ணை அசைத்தால் பின்னால் நொந்தது. பயம் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கால் போனபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

கண்நரம்பு அழற்சி (கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் வீக்கம்) என்றார் டொக்டர். நோயின் இரண்டாவது தாக்குதல். பேனையைக் கீழே வைத்தார்.

"ஊசிக்கு ஓம் எண்டு சொல்லச் சொல்லி எத்தினை தரம் கேட்டனான். யோசிச்சுச் சொல்லுறம் எண்டியள். என்னத்தை யோசிச்சியள்?"

என் கணவர் மேலே விசிறியைப் பார்த்தார்.

"ஜேர்மனிக்குப் போக இருக்கிறம் டொக்டர்" என்றேன். சொன்ன வாய் மூட முன், பழக்கதோஷத்தில், "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அங்கே என்ன வைத்தியம் என்று கேட்டார். போனில் வீடியோவைக் காட்டினேன். அவர் பார்த்தது ஆவியை.

"முதல் முதல் கால் போன அண்டைக்கு என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"குளிச்சுக்கொண்டு நிண்டனான்."

"என்ன தண்ணி?"

என் கணவர்தான் சொன்னார். "தாங்கித் தண்ணி. மத்தியானத் தண்ணி."

பிறகு டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். சூடு நரம்பைப் புதிதாக அழிப்பதில்லை. ஏற்கெனவே உறை போன நரம்பு, உடம்பு சூடானால் வேலை செய்யாது, குளிர்ந்ததும் திரும்பும். "ஆனா அந்தத் தொட்டிக்கை கால் போனா உங்களை ஆர் தூக்கிறது? பயணம் போறது பிழை இல்லை. சுடுதண்ணிக்கை இறங்கிறது பிழை. ஊசியைத் தள்ளிப்போட்டது அதைவிடப் பிழை."

ஊசி போட்டிருந்தால் கண் தப்பியிருக்குமா என்று கேட்டேன். தப்பியிருக்கக்கூடும், நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார். இந்த நோய் வந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் 'கூடும்' என்ற சொல்லோடு வாழ்வது மிகவும் கஷ்டம். நாவூறு பட்டாலும் பரவாயில்லை, உங்கள் டொக்டருக்குச் சொல்லுங்கள். ஊருக்குச் சொல்லாவிட்டாலும் அது தானாகத் தெரிந்துகொள்ளும்.

ஊசி தொடங்கிய அதே கிழமை வீசா வந்தது. இத்தனை காலம் இழுத்தவர்களுக்கு அந்தக் கிழமைதான் கிடைத்தது. தம்பி போனில் துள்ளினான். நான் வரவில்லை என்றேன். ஏன் என்று சொன்னேன்.

"நான் லீவு எடுத்திட்டன் அக்கா. இடமும் பதிஞ்சிட்டன். இப்ப போய் உப்பிடிச் சொல்லுறியள்."

"என்ரை ஒரு கண்ணிலை சிவப்பு இல்லையடா. உனக்கு லீவு பெரிசாய்ப் போச்சோ?"

நான் அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் எனக்கு ஆத்திரம். அவனிலும் ஆத்திரம், மாமியிலும் ஆத்திரம், தலையாட்டிய என்னிலும் ஆத்திரம். போனில் அவனுக்குப் பின்னால் தட்டுகள் கழுவும் சத்தம் கேட்டது.

"அம்மா சாகேக்கை என்னாலை வர ஏலேல்லை" என்றான். "உங்களுக்கெண்டாலும் ஏதாவது செய்வம் எண்டு நினைச்சன். எனக்கு வேறை என்னக்கா செய்யத் தெரியும்?"

அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, "நீ போ அங்கை. நீ போய் அந்தத் தண்ணிக்கை இரு. நிண்டு நிண்டு உன்ரை முழங்கால் போனது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?" என்றேன்.

அவன் போனான். அங்கிருந்து படம் அனுப்பினான். ஆவிக்கு நடுவே வழுக்கைத் தலையோடு கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். நான் மனதில் வைத்திருந்த பத்தொன்பது வயதுப் பையனை அந்தத் தொட்டியில் காணவில்லை. மூன்று கிழமையும் இருந்தான். முழங்கால் நோ பாதி குறைந்துவிட்டதாம். வருகிற தை மாதம் ஊருக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறான்.

எனக்கு ஊசி ஒழுங்காக நடக்கிறது. புதிய தாக்குதல் வரவில்லை. கால் பொல்லோடு நிற்கிறது. இடது கண்ணில் சிவப்பு பாதி திரும்பியிருக்கிறது. மீதி வராது போல. முன்பெல்லாம் என் நாளை மணிக்கூட்டில் பார்ப்பேன். இப்போது கூரைக்கு மேலே பார்க்கிறேன். கறுப்புத் தாங்கியில் வெயில் விழுவதற்கு முன் எனக்குக் கால் இருக்கிறது. சமையல், குளிப்பு, கந்தோருக்கு வெளிக்கிடுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். வெயில் தாங்கியின் பாதிக்கு வந்தால் என் நாள் முடிந்தது. மிச்சத்தை, கந்தோரில் என்றாலும் வீட்டில் என்றாலும், விசிறிக்குக் கீழே கழிக்க வேண்டும். ஒரு நாளுக்கு இவ்வளவுதான் நீளம் என்பது பழகிவிட்டது. உடம்போடு சண்டை பிடிப்பதைவிட அதனோடு சேர்ந்து விடிய எழும்புவது சுகம்.

கோட் அலுமாரியில் தொங்குகிறது. வீசா முடிந்துவிட்டது. நேற்றுக் காலையிலும் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எப்ப பயணம்?" என்றார்.

"பயணம் ஒண்டும் இல்லை அக்கா. நான் போகேல்லை."

அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "ஓம் ஓம். பிளேன் ஏறினாப் பிறகு சொல்லுங்கோ."

விளங்கப்படுத்த வாயைத் திறந்தேன். தாங்கியின் விளிம்பில் வெயில் தொட்டுவிட்டிருந்தது. துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.