பெரியப்பாவின் ஐந்து தேர்தல்களும் என் ஒரு கொப்பியும்

போன மாதம் வவுனியாவிலிருந்து அக்கா கூப்பிட்டார். அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். பெரியப்பா பிறந்து நூறு வருடம் ஆகிறதாம். ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். அதில் அவருடைய அரசியல் வாழ்வைப் பற்றி இரண்டு பக்கம் நான் எழுதித் தர வேண்டுமாம்.

"சின்னனிலையிருந்து எல்லாத்தையும் எண்ணிக்கொண்டு திரிஞ்சனி நீதானே. உனக்குத்தான் பிழை வராது" என்றார்.

அது உண்மை. ஏறுகிற படிகளையும் விழுங்குகிற குளிசைகளையும் நான் எண்ணாமல் விடுவதில்லை. சண்டைக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடிய தடவைகள் பதினான்கு. பெரியப்பாவின் கணக்கு அதைவிட இலகு. பாராளுமன்றத்துக்கு ஐந்து முறை தேர்தல் கேட்டார். இரண்டு முறை வென்றார், மூன்று முறை தோற்றார், கடைசித் தோல்வியில் கட்டுக்காசும் போனது. அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. திகதிகளைச் சரிபார்ப்போமென்று துணுக்காயிலிருந்து பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவின் தகரப் பெட்டி நேரத்தோடே வவுனியாவுக்குப் போயிருந்தபடியால் சண்டைக்குத் தப்பிவிட்டது. துண்டுப்பிரசுரங்கள், மாலையோடு எடுத்த படங்கள், கடிதப் பிரதிகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. மட்டையில் பத்து வயதுக் கையெழுத்து. என்னுடையது. அதைத் திறந்து பார்த்த பிறகு மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்று சொல்வதானால் அந்த முதல் தேர்தலுக்குப் போக வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பெரியப்பா வாத்தியார் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் குதித்திருந்தார். சின்னம் குடை. மழையே எட்டிப் பார்க்காத மாதத்தில் ஊர் முழுக்கக் கறுப்புக் குடை விரித்துத் திரிந்தோம். கூட்டம் முடிந்ததும் பெரியப்பா என்னிடம்தான் முதலில் கேட்பார்: "என்னடா கணக்கர், எத்தனை தலை?" நான் சொல்லும் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் சோடா குடிப்பார்.

எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். வேட்பாளர் வரும்போது வாசல் படலையில் நிறைகுடம் வைத்தால் அந்த வீடு எங்களுடையது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊர்ச் சனம் யார் வந்தாலும் நிறைகுடம் வைத்தது. காலையில் எங்களுக்கு வைத்த அதே குடம், அதே மாவிலையோடு, பின்னேரம் எதிராளிக்கும் நின்றது. அந்த வீடுகளுக்கு நேரே கேள்விக்குறி போட்டேன்.

குளத்தடியில் மட்டும் கேள்விக்குறியே இல்லை. தேயிலைத் தோட்டங்களை விட்டு இறங்கி வந்து, குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் குடியிருந்த சனம் அது. முப்பத்தெட்டுக் குடிசை, முப்பத்தெட்டு நிறைகுடம். பித்தளைக் குடம் ஒருவரிடமும் இல்லை. மண்பானை, அலுமினியக் கேத்தில், ஒரு வீட்டில் எண்ணெய்த் தகரம். எல்லாவற்றிலும் மஞ்சளால் குடை வரைந்திருந்தார்கள். பெரியவர்கள் மட்டும் இருநூற்றுப் பதினொரு பேர். எந்தக் கூட்டத்துக்கும் லொறியில் வந்து, மற்றவர்கள் கை தட்ட யோசிக்கும் இடத்திலெல்லாம் தட்டினார்கள். எங்கள் வயலில் வேலை செய்த மாரிமுத்து அண்ணை முன்வரிசை. அவர் மனைவியின் குரல் ஒலிபெருக்கிக்கு மேலால் கேட்கும். நான் போனால் வறுத்த சோளம் தருவார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; பெயர் தெரியாது.

வாக்களிப்பு எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எதிரே பாலை மரத்தின் கீழ் காலை ஏழு மணியிலிருந்து கொப்பியோடு இருந்தேன். குளத்தடியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பெரியப்பா தோற்றார். தோற்ற வித்தியாசம் இருநூற்றுப் பதினொன்றைவிடக் குறைவு.

அடுத்த நாள் வீட்டு விறாந்தையில் ஆண்கள் செத்த வீடு மாதிரி இருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று, "குளத்தடி ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. எல்லாரும் ஏமாத்திப்போட்டினம்" என்று கணக்கை வாசித்தேன். யாரோ நிலத்தைப் பார்த்துச் சிரித்தார். "உள்ளுக்குப் போடா" என்றார் பெரியப்பா. துரோகத்தைத் தாங்க முடியாமல் முகம் சிவக்கிறது என்று நினைத்தேன். உள்ளே போகவில்லை. குளத்தடிக்கு ஓடினேன்.

மாரிமுத்து அண்ணை மண்வெட்டிக்குப் பிடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"கூட்டத்தில வாய் கிழியக் கத்தினீங்கள். வாக்குப் போட மட்டும் கால் நோகுதோ? நன்றி கெட்ட சனம்!"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "தம்பி, எங்க பேரு அந்தப் பொஸ்தகத்துல இல்லைங்களே. பேரு இருந்தாத்தானே ஓட்டு?"

"அப்ப ஏன் கூட்டத்துக்கு வந்தனீங்கள்?"

"பெரியையா கெலிச்சா எங்க பேர எழுத வச்சுத் தர்றேன்னாருங்க. எங்களப் பிரசையில்லன்னு சட்டம் போட்டுட்டாங்க தம்பி. இந்தக் காணியில நாளைக்கு எந்திரின்னாலும் எந்திரிக்கணும்."

"கத்துறதுக்கு மட்டும் பேரு வேணாம்னுட்டாங்க" என்றார் அக்கா அடுப்படியிலிருந்து.

எனக்குப் பெரிய ஆறுதல். இவ்வளவுதானா? ஒரு பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவுதானே? கொப்பி என்னிடம் இருந்தது, பென்சிலும் இருந்தது. "நான் எழுதித் தாறன். பெரியப்பாட்டைக் குடுப்பம்" என்றேன். அவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். குளித்து, திருநீறு பூசி, இருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். இலக்கம், பெயர், தகப்பன் பெயர், வயது, வந்த தோட்டம். அக்காவின் முறை வந்தது. வேறு யாருடைய பெயரையோ சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "அஞ்சலைங்க." இலக்கம் நூற்றுப் பதினெட்டு.

அடி விழும் என்று நினைத்துக்கொண்டுதான் கொப்பியைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் தலையைத் தடவினார். "கெட்டிக்காரன். இது எனக்கு நல்லா உதவுமடா" என்றார்.

அந்தப் பாராளுமன்றம் நிலைக்கவில்லை. சில மாதங்களிலேயே மறுபடியும் தேர்தல் வந்தது. முதல் கூட்டத்தன்று லொறி குளத்தடிக்குப் போனபோது பெரியப்பா கொப்பியை என் கையில் தந்து, "நீயே வாசி" என்றார். லொறியின் பின்பலகையில் ஏறி நின்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இடாப்புக் கூப்பிடுவதுபோல ஒவ்வொரு பெயராக வாசித்தேன். "இருக்கேனுங்க" என்று சொல்லிச் சொல்லி ஏறினார்கள். அஞ்சலை அக்கா மட்டும் தன் பெயரைக் கேட்டதும் அசையாமல் நின்றார். கண்ணால் நீர் வழிந்தது. "பயப்பிடாதேங்கோ அக்கா, பலகையைப் பிடிச்சு ஏறுங்கோ" என்றேன். லொறிக்குப் பயம் என்றுதான் எண்ணினேன்.

ஆறு கூட்டம் நடந்தது. ஆறு முறையும் பெயர் வாசித்தேன்.

வாக்களிப்பு நாளன்று அவர்கள் வந்தார்கள். பாலை மரத்தின் கீழிருந்து பார்த்தேன். குளக்கட்டால் வரிசையாக, அதே நல்ல சட்டைகளோடு, கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. எண்ணினேன். ஒருவர் குறையவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்றார்கள். முதலில் போன சிலர் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்தார்கள். ஒரு பொலிஸ்காரர் கையை வீசி ஏதோ சொன்னார். வரிசை அப்படியே திரும்பியது. இவ்வளவு கெதியாய் வாக்குப் போடுகிறார்களே என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருநூற்றுப் பதினொன்றையும் எங்கள் பக்கம் சேர்த்தேன்.

அஞ்சலை அக்கா மட்டும் மரத்தடிக்கு வந்தார்.

"தம்பி, எங்க பேர எந்தப் பொஸ்தகத்துலங்க எழுதுனீங்க?"

"இதிலைதான் அக்கா!" என்று கொப்பியைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். தொடவில்லை. போய்விட்டார்.

பெரியப்பா வென்றார். வேறு ஊர்களின் வாக்கால் வென்றார் என்பது இன்று தெரிகிறது. அன்று என் கொப்பிதான் வென்றது.

அறுபத்தைந்து வருடம் கழித்து அதே கொப்பியை வவுனியா அக்காவின் வீட்டுக் கதிரையில் இருந்து திறந்தேன். என் பென்சில் எழுத்துக்கு அருகே பெரியப்பாவின் சிவப்பு மை. ஆறு கோடு கீறி, ஆறு கூட்டம் நடந்த இடங்களைத் தலைப்பாக எழுதியிருந்தார். வந்தவர்களுக்குச் சரி அடையாளம். முதலாம் லொறி, இரண்டாம் லொறி என்று பிரிவு. ஒரு பக்கத்தின் அடியில், 'இரண்டாம் லொறிக்கு ஆள் காணாது, பிள்ளைகளையும் ஏற்றவும்.' நூற்றுப் பதினெட்டுக்கு நேரே, ஆறு சரிகளுக்குப் பிறகு, 'நல்லாய்க் கத்துவாள்.'

பெட்டியிலிருந்த கடிதப் பிரதிகளை எண்ணினேன். அறுபத்து மூன்று. வீதிக்கு, தபால் கந்தோருக்கு, இடமாற்றத்துக்கு. பெயர் பதிவு பற்றி ஒன்றும் இல்லை. பிழைவிட்டிருப்பேனோ என்று இரண்டாம் முறையும் எண்ணினேன். அப்போதும் ஒன்றும் இல்லை. அக்கா தேத்தண்ணியோடு வந்து, "திகதியெல்லாம் சரியோ?" என்று கேட்டார். "ஓம், சரி" என்றேன். மலருக்கான இரண்டு பக்கமும் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன.

அந்த வாக்களிப்புக்கு அடுத்த நாள் வெற்றி ஊர்வலத்தில் பெரியப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். அந்த உயரத்திலிருந்து எல்லாரையும் எண்ண முடிந்தது. பட்டாசு, மாலை, விரித்த குடைகள். வழி நெடுகப் படலைகளில் நிறைகுடம், கேள்விக்குறி போட்ட வீடுகளிலும். குளத்தடித் திருப்பம் வந்ததும் எட்டிப் பார்த்தேன். ஒரு பானைகூட வெளியே இல்லை. ஒருவரும் இல்லை.

முந்தின நாள் வெயிலில் நின்ற களைப்பு, நித்திரையாகியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.