முட்டைப் பையும் முழங்கால் மாத்திரையும்

குழந்தைப்பேறு சிகிச்சை தரும் இடத்தில் நர்ஸ் வேலை என்றால் பாதி நேரம் ஊசி போடுவது, மீதி நேரம் அடுத்தவர் வீட்டு மாமியாரிடம் வசவு வாங்குவது. எண்பதுகளின் கடைசியில் செகந்திராபாத் கிளினிக் ஒன்றில் நான் இரண்டையும் குறைவில்லாமல் செய்தேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்கேன் அறை வாசலில் நெளிந்தவர்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!

சோதனை யாருக்கு?

வசந்தா மல்லாபூரிலிருந்து மாமியாரோடு வருவாள். பூர்வீகம் வேலூர்ப் பக்கம். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. தீபாவளிக்குள் நல்ல சேதி வராவிட்டால் பிள்ளைக்கு வேறு பெண் பார்ப்பதாக மாமியார் வாசலிலேயே அறிவித்துவிட்டார். "முதலில் உங்கள் பிள்ளையை வரச் சொல்லுங்கள், அவருக்கும் சோதனை உண்டு" என்றேன். வந்ததே கோபம்!

"என் புள்ளைக்கு எதுக்கு டெஸ்ட்டு? அவன் சென்ட்ரல் கவர்மெண்ட் கம்பெனியில பர்மனென்ட்டு!"

பர்மனென்ட் ஆனாலும் சோதனை உண்டு என்று நான் நகரவில்லை. கடைசியில் அவர் வந்தார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. மாமியாரின் குரல் இன்னும் உயர்ந்தது.

பழுத்தும் உடையவில்லை

அப்போதுதான் எங்களுக்கு ஸ்கேன் மெஷின் வந்திருந்தது. வசந்தாவின் முட்டைப் பை மாதாமாதம் அழகாக வளர்ந்தது. அது உடைந்தால்தானே முட்டை வெளியே வரும்? உடையவே இல்லை. ஊசி போட்டும் பார்த்தோம். தீபாவளி நெருங்க நெருங்க வசந்தாவின் முகம் வற்றிப்போயிற்று. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. எங்கள் டாக்டரம்மா தெலுங்குக்காரர். திரையையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"எந்துக்கு உடையலை, சிஸ்டர்? ஊசியும் கரெக்ட், நாளும் கரெக்ட்!"

மாமனாரின் மாத்திரை

அடுத்த மாத ஸ்கேன் அன்று வசந்தா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாமியார் பர்ஸைத் திறந்து ஒரு மாத்திரையை நீட்டினார். ரிட்டயரான மாமனாரின் முழங்கால் வலிக்கு மகனின் கம்பெனி டிஸ்பென்சரி இலவசமாகக் கொடுப்பது. மாதாமாதம் நடுவில் இந்த வலி வருமாம், மாதாமாதம் இந்த மாத்திரையாம்.

டாக்டரம்மா பாய்ந்து வாங்கிக்கொண்டார். பை உடைவது ஒரு சின்னப் புண் போலத்தான், அங்கே கொஞ்சம் வீக்கம் வந்தே ஆக வேண்டும் என்று விளக்கினார். கிருமியோடு சண்டை போடும் அணுக்களே அங்கும் கூடி, ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிச் சுவரை இளக்குகின்றன. வீக்கத்தை அடக்கும் மாத்திரை போட்டால் சேதி நின்றுபோகும், பை உடையாமலே கிடக்கலாம். "இத்தனை மாதமும் தடுத்தது உங்கள் கைதானம்மா" என்று நான் முகத்துக்கு நேராகவே சொன்னேன். மாமியார் அசரவில்லை.

"வலின்னு இவ படுத்துட்டா சமையல் யாரு பண்றது? மாத்திரை குடுத்த கைக்கு இத்தனை கேள்வியா?"

சர்ட்டிபிகேட்

அடுத்த முறை வசந்தா மாத்திரையைத் தொடவில்லை. சமையலறைப் பக்கமும் போகவில்லை. கணவர்தான் உப்புமா கிண்டினாராம். ஸ்கேனில் பை உடைந்திருந்தது! டாக்டரம்மா என் தோளில் ஓங்கித் தட்டினார். ஆனால் அந்த மாதம் கரு தங்கவில்லை, தீபாவளி முந்திக்கொண்டது. மாமியார் வந்து, மருமகளுக்குக் குழந்தை பிறக்காது என்று சர்ட்டிபிகேட் கேட்டார். அடுத்த கல்யாணத்துக்குத் தேவையாம். "பிறக்கும் என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன்" என்றேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

வசந்தா எழுந்து நின்றாள். பின்னால் கணவர், கையில் ஸ்கேன் படத்தோடு.

"வலியைப் பொறுத்துக்கிட்டேன் அத்தை, இதைப் பொறுத்துக்க மாட்டேன். அல்வால் பக்கம் தனியா வீடு பாத்தாச்சு. இவரும் என்கூடத்தான் வராரு. குழந்தை பொறந்தாலும் சரி, பொறக்கலேன்னாலும் சரி."

அடுத்த வருஷம் அல்வாலில் ஒரு பெண் பிறந்தாள், பேச வந்ததிலிருந்து பாட்டி தூக்கப் போனாலே ஹைதராபாத் உருதுவில் "நக்கோ", அதாவது வேண்டாம், என்பாளாம், நான் வாங்கிய வசவுக்கெல்லாம் அந்த ஒரு வார்த்தை போதும்.