துபாய்க்குப் போகாத அக்கா

எங்கள் குடும்பம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த குடும்பம். அக்கா வேலை செய்த வீட்டில் சங்கிலி ஒன்று காணாமல்போக, அவளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். வழக்குத் தள்ளுபடியாகி வெளியே வரப் பதினான்கு மாதம் ஆனது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் நாங்கள் சொன்ன கதை வேறு: அக்கா துபாயில். அவள் திரும்பிவந்த அன்று அம்மா புறக்கோட்டைக் கடைகளுக்கு ஓடி, வெளிநாட்டுச் சவர்க்காரமும் சொக்லேட்டும் வாங்கிவந்தார். வெளிநாட்டால் வந்தவர்கள் வீடு வீடாக அப்படிக் கொடுக்காவிட்டால் எங்கள் ஒழுங்கை நம்பாது. கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் கொடுத்தேன்.

அக்கா இப்போது வீட்டிலிருந்தே சட்டை தைக்கிறாள். ஒழுங்கைப் பெண்கள்தான் வாடிக்கை. விஷயம் வெளியே வந்தால் ஒருத்தியும் எங்கள் படியேற மாட்டாள்.

போன வருடம், பெண்கள் சிறைச்சாலையில் நடக்கிற நகைச்சுவைத் தொடர் ஒன்று வந்தது. ஞாயிறு பின்னேரங்களில் அக்கா, நான், அடுத்த வீட்டு அன்ரி மூவரும் பால் விடாத பிளேன்ரீயோடு இருந்து பார்ப்போம். நான் அன்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவோ விழுந்து விழுந்து சிரிப்பாள். இவளுக்கு என்ன விசரா என்று கோபம் கோபமாய் வரும்.

ஒரு நாள் தொடரில் கைதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினார்கள்.

“சும்மா கதை. ரெண்டு ரெண்டாக் குந்த வச்சுத்தான் எண்ணுவினம்,” என்றாள் அக்கா.

அன்ரி திரும்பிப் பார்த்தார். “அது உமக்கெப்படித் தெரியும், பிள்ளை?”

நான் இடையில் பாய்ந்தேன். “அது அன்ரி, துபாயில இவ இருந்த வீட்டு மேடம்...”

“வாயை மூடடி!” அக்கா என் தொடையில் ஓர் அடி போட்டாள். “நான் துபாயைக் கண்ணாலயும் கண்டதில்ல, அன்ரி. பதினாலு மாசமும் இங்க உள்ளுக்கதான் இருந்தனான். பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு.”

எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அக்காவின் பக்கம் நகர்ந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

“படுக்கப் பாய் குடுப்பினமா, பிள்ளை? என்ட மகளைப் பிடிச்சுக் கொண்டுபோய் மூண்டு மாசமாகுது.”

மகள் குவைத்தில் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். நாங்களும் நம்பியிருந்தோம்.

அக்கா டிவியை நிறுத்தினாள். வெளியே வந்த நாளிலிருந்து அந்தச் சிறை இருக்கிற வீதியால் பஸ்ஸில்கூடப் போகாதவள் அவள்.

“குடுப்பினம், அன்ரி. அழாதேங்கோ. எப்ப பார்க்கப் போறீங்கள்? நானும் வாறன்.”