நாங்கள் அவனைப் புகழ்ந்த நாள்

மஞ்சள் போகாத பாதங்களோடு பள்ளிக்கூட வாசலில் அவன் நின்றதுதான் நாங்கள் அவனைக் கடைசியாகப் பார்த்தது. கையில் காப்புக் கயிறு, இடுப்பில் புது வேட்டி. பதினோராம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வாத்தியாரிடம் இரவல் வாங்கிய புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். "கல்யாண மாப்ள, அதுக்குள்ள இன்னாடா அவசரம் உனுக்கு?" என்று ஜன்னல் ஜன்னலாகத் தலையை நீட்டிக் கத்தினோம். அவனும் எங்களோடு சேர்ந்து சிரித்தான். சிரித்தபடியே கும்மிடிப்பூண்டி சாலையில் இறங்கிப் போய்விட்டான்.

பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கிற குடும்பம் அவனுடையது. நெல் விளைகிற ஊர்களிலிருந்து வந்த எங்களுக்கு ஏரிக்கரைச் சமாசாரம் என்ன தெரியும்? பெண் ஆசையில் படிப்பை விட்டான் என்று நாங்களே ஒரு கதை கட்டிக்கொண்டோம். 'வாய்க்கு வேலை இல்லேன்னா அடுத்தவன் ஊட்ல போய் மேயும்' என்று என் அம்மா சொல்வாள். எங்கள் வாய் வருஷக்கணக்காக அவன் வீட்டில் மேய்ந்தது.

எழுபதுகளில் ஒரு பொங்கல் லீவில், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் அதே வகுப்பறையில் ஒன்றுகூடினோம். தொப்பை விழுந்தவர்கள் பழைய பெஞ்சில் நுழைய முடியாமல் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் கூடுவதைக் கேள்விப்பட்டு அவன் மனைவி வந்தாள். முந்தின ஐப்பசிக் காற்றில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவன் போய்விட்டான் என்பதே அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

கல்யாணத்தைப் பற்றியும் அவளேதான் சொன்னாள். "ஏரியில முறை வச்சிதான் வலை போடுவாங்கண்ணா. அதுக்குப் பேரு பாடு. எங்க ஊர்ல கண்ணாலம் ஆனவனுக்குத்தான் பாடு உண்டு. மாமனாரு திடீர்னு செத்துட்டாரு. சின்னச் சின்னதா தங்கச்சிங்க. ஊடு பட்டினி கெடக்கக் கூடாதுன்னு அவசரமா என்னக் கட்டி வச்சாங்க."

அவள் கொஞ்சம் தயங்கி, "அவரு படிப்புல எப்டிண்ணா?" என்று கேட்டாள்.

வாசலில் நின்றவனை அன்று எல்லாருக்கும் மேலாகக் கேலி செய்தவன் இப்போது ரைஸ் மில் முதலாளியாக வந்திருந்தான். அவன்தான் முந்திக்கொண்டான். "இன்னா தங்கச்சி அப்டி கேட்டுட்ட? கணக்குல அவன அடிச்சிக்க ஆளே கெடையாது. பரீட்ச எழுதியிருந்தான்னா இந்நேரம் என்ஜினீயரும்மா." தலைமையாசிரியர் அவனைக் காலேஜில் சேர்க்க ஆசைப்பட்டதை நான் சொன்னேன். ஆளுக்கொன்று சேர்த்தார்கள். செத்த மாடு பத்துப் படி பால் கறக்கும் என்பார்கள். இந்த மாடு உயிரோடு இருந்தபோதே கறந்ததுதான். அதை நாங்கள்தான் வாய்விட்டுச் சொன்னதில்லை. துக்கத்தோடு வந்தவளுக்கு ஆறுதல் தருகிறோம் என்ற பெருமையில், ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் தலை தாழ்ந்துகொண்டே போனதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வாங்கி வைத்த டீ அப்படியே ஆறிப் போயிருந்தது.

பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். சாலையைப் பார்த்தபடி அவள் சொன்னாள்: "அவுரு, 'கிளாஸ்லயே நான்தான் கடைசி, பரீட்சன்னாலே எனுக்கு ஜொரம் வந்துடும், நல்ல வேளையா நீ வந்து காப்பாத்தின'ன்னு சொல்லிக்கினே இருப்பாருண்ணா. என்னாலதான் அவுரு படிப்பு போச்சோன்னு மட்டும் மனசுல ஒரு ஓரமா அரிச்சிக்கினே இருந்திச்சி. நீங்களும் அவுரு சொன்னதையே சொல்லுவீங்கன்னுதான் வந்தேன்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்கிறது பழமொழி. அவன் கல்யாணம் ஆன பிறகு ஒரே ஒரு பொய் சொன்னான். அதைச் சாகும்வரை காப்பாற்றினான். அவன் காதுபட ஒரு நல்ல வார்த்தை சொல்லாத நாங்கள், சேர்த்து வைத்ததை எல்லாம் அவள் தலையில் கொட்டி அதை உடைத்தோம். இப்போதும் எங்கள் வயசுக்காரர்கள் எங்கே கூடினாலும் அவன் கணக்குப் போட்ட அழகைப் பேசுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆமாம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வருவதில்லை.