மச்சான் அனுப்பிய ஆட்கள்

அந்த மாத இதழ் பஸ்ஸில் மலைக்கு வந்த அன்று வீட்டில் இருந்தது அக்காவும், அவள் மடியில் கைப்பிள்ளையும், நானும்தான். மச்சான் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அட்டையில் ராக்கெட் படம், அதன் கீழே எப்போதும் போல அந்தப் புரபசரின் பெயர். வாங்கி வந்திருக்கவே கூடாதோ என்று வாசலிலேயே தயங்கினேன்.

மச்சான் புரபசர் இல்லை. வத்தலக்குண்டில் பிறந்து, கொடைக்கானல் உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கெழுதியவர். மனிதன் சந்திரனுக்குப் போகாத காலம் அது. இவர் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து கதையில் செவ்வாய்க்கே ஆள் அனுப்புவார். மதுரைப் பத்திரிகை முதலாளிக்கு ஒரு வழக்கம். விஞ்ஞானக் கதை என்றால், யார் எழுதினாலும் இல்லாத ஒரு புரபசரின் பெயரைத்தான் போடுவார். படித்தவன் சொன்னால்தான் ஜனங்கள் நம்புவார்களாம். "ஒரு தடவையாச்சும் எம் பேரு வரணும் மாப்ள" என்பார் மச்சான். கடைசிவரை வரவில்லை. மண்டியில் வேறு கேலி. "என்ன புரபசரே, சந்திரன்ல கெழங்கு மூட்டை என்ன வெல?" "ஏத்துக்கூலி கட்டாதுங்க" என்று இவரும் சிரிப்பார்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. தபாலில் போடுமுன் ஒவ்வொரு கதையையும் அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். அட்டையில் இருந்த பெயரை விரலால் தடவினாள்.

"என்கிட்ட வாசிக்காமயே ஒண்ணு அனுப்பிட்டுப் போயிருக்காரு தம்பி. வாசி."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். என் திக்கலில் மச்சான் கதை கெட்டுவிடுமோ என்று ஒரு பயம். அவர் எழுதியதே இல்லையென்றால் இவளிடம் என்ன சொல்வது என்று இன்னொரு பயம். ராக்கெட் சந்திரனில் இறங்கியது. கதாநாயகன் கதவைத் திறந்து மணலில் நடந்தான், காதலியை நினைத்துப் பாடினான். அக்கா கையை உயர்த்தினாள்.

"போதும். இது அவரு இல்ல."

"எப்படிக்கா சொல்ற?"

"இம்புட்டுத் தூரம் போயிருக்கான். ஒரு தடவகூட குளிருதுன்னு சொல்லலையே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயில் பழகிய கீழ்நாட்டு உடம்போடு இந்த மலையில் வருஷக்கணக்காக நடுங்கியவர் மச்சான். அவர் அனுப்பிய ஆட்கள் எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் முதலில் கையைத்தான் தேய்ப்பார்கள். அந்தக் குளிர்தான் நெஞ்சில் சளியாகக் கட்டி அவரைக் கொண்டுபோனது. அக்கா இதழை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைப் போர்த்தினாள். அதற்குப் பிறகு அவள் எதையும் வாசிக்கச் சொன்னதில்லை.

இப்போது அவளும் இல்லை. பழைய புத்தகக் கடைகளில் அந்தப் புரபசரின் கதைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. எத்தனை பேர் எழுதியவையோ. நின்றபடியே எழுத்துக் கூட்டிப் பார்க்கிறேன். எவனாவது கையைத் தேய்த்தால் வாங்கி வந்து, புரபசர் பெயரை அடித்துவிட்டு மச்சான் பெயரை எழுதுகிறேன். எழுதிய பிறகு தூக்கம் வருவதில்லை. குளிரில் நடுங்கிய வேறு யாரோ ஒருவர் எழுதியதாக இருந்துவிட்டால்?